பூவரசா, புல்லா?

அக்கா: நேற்று மாலை இடிமழை தொடங்கிய சிறிது நேரத்தில் பாப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. மகரந்த ஒவ்வாமையாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். வாசல் பூவரசு பூத்துக் குலுங்குகிறது, வெட்டிவிடலாமா?

அத்தை: அப்பா வைத்த மரம் அது. நான் சம்மதிக்க மாட்டேன்.

சித்தப்பா: முன்பே வெட்டச் சொன்னேன், யார் கேட்டீர்கள்?

பெரியப்பா: பூவரசம்பூவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், மஞ்சள் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவை பருத்தவை, மேலெல்லாம் முள் கொண்டவை, தேனீயின் உடலில் தொற்றிப் போவதற்காகவே அமைந்தவை. பூத்திருப்பதே நம் கண்ணில் படாத புல்தான், எங்கோ ஒரு துகளாவது இன்னொரு பூவில் சேரட்டும் என்று காற்றில் மகரந்தத்தை அள்ளி இறைக்கிறது. பின்புறக் காலி மனையில் புல் கதிர்விட்டு நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

அண்ணன்: இடுப்பளவு நிற்கிறது.

அக்கா: மழை பெய்தால் மகரந்தம் அடங்கிவிடாதா, பெரியப்பா?

பெரியப்பா: நின்று பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடும். ஆனால் வறண்ட நாளில் மகரந்தப் பை வெடித்துத் துகள்கள் மிதந்துகொண்டிருக்கும்போது இடிமழை வந்தால், அவை ஈரத்தை உறிஞ்சி உப்பி உடைகின்றன. மூக்கிலேயே தங்கிவிடக்கூடிய துகள், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் பொடியாகிவிடுகிறது. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். அங்கும் முக்கியக் காரணம் புல்லின் மகரந்தம்தான்.

அத்தை: ஐயோ. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

அக்கா: தூங்குகிறாள், அத்தை. போன வருடம் இந்த மாதத்தில் ஒன்றுமே இல்லையே?

பெரியப்பா: மாதத்தை நம்பாதே, அம்மா. வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, மகரந்தப் பருவம் சுமார் 20 நாள் முன்னதாகவே தொடங்குவதும், மகரந்தத்தின் அளவு சுமார் 21 சதவீதம் கூடியிருப்பதும் தெரிந்தது. வெப்பம் ஏறினால் செடி நாட்காட்டி பார்ப்பதில்லை. கதிர் தலைகாட்டும் முன்பே புல்லை அறுத்துவிட வேண்டும். இனிமேல் அறுப்பதென்றால் அந்த நேரத்தில் பாப்பா அங்கே இருக்கக் கூடாது.

சித்தப்பா: அந்த மனை யார் பங்கு என்பதே இன்னும் முடிவாகவில்லை. நான் ஏன் ஆள் வைக்க வேண்டும்?

அண்ணன்: பங்கைப் பிறகு பேசலாம், சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை நான் வரப் பார்க்கிறேன்.

அத்தை: மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

அக்கா: சரி, அத்தை. அறுக்கும் நாளில் பாப்பாவை உங்களிடம் விடட்டுமா?