காயல்பட்டினம் 95 செ.மீ.: நிருபர் குற்றமா, வானிலை மையம் குற்றமா?

பொருநைவாசி: காலநிலைச் செய்தி எழுத தமிழ்ப் பத்திரிகையில் ஆளே இல்லைன்னு நேற்று ஒருத்தர் இங்கே அளந்துட்டுப் போனார். 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்துல 95 செ.மீ. மழை கொட்டுச்சு. வானிலை மையம் சொன்னது 20. நிருபர் என்ன ஜோசியமா பார்ப்பார்?

டெஸ்க்_மாமா: 20 இல்லை ஐயா, 20க்கு மேல். அதி கனமழைன்னாலே அதான் அர்த்தம். உச்சவரம்பு கிடையாது.

பொருநைவாசி: 21ம் இருபதுக்கு மேல, 95ம் இருபதுக்கு மேல. எதை நம்பி மூட்டை கட்டுறது?

டெஸ்க்_மாமா: சிவப்பு எச்சரிக்கை வந்தா கட்டணும். அதை நிருபர் விளக்கி எழுதணும். "வரலாறு காணாத மழை"ன்னு தலைப்பு போட்டா முடிஞ்சுதா?

மழைக்கிறுக்கன்: காற்று ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவி பிடிக்கும். இதை எந்தப் பேப்பர் எழுதுச்சு?

டெஸ்க்_மாமா: ஏழு சதவீதத்துல 95 செ.மீ. வந்துடுமா தம்பி? குமரிக்கடல் மேல உயரத்துல காற்று சுழன்றுச்சே, அந்த மேலடுக்குச் சுழற்சிதான் மழையைக் கொண்டுவந்துச்சு. குறிப்பிட்ட ஒரு மழையைப் புவி வெப்பமாதல் தலையில கட்ட ஆய்வு வேணும். பேப்பர் பக்கமோ ராத்திரியே முடியணும். போன வருஷம் வர்தா புயலைப் பத்தி இங்கே நடந்த விவாதத்துலயும் இதே ஏழோடதான் வந்தீங்க, மறக்கலை.

மழைக்கிறுக்கன்: மறக்காதீங்க. அன்னைக்கும் பதில் சொல்லாமத்தான் ஓடினீங்க.

முத்துநகர்ப்பெண்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஊர் நிருபருக்கு மாசச் சம்பளமே கிடையாது, செய்திக்கு இவ்வளவுன்னு கூலி. கரண்ட் இல்ல, டவர் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. அவன்கிட்ட விஞ்ஞானம் கேக்குறீங்க! ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்துல சிக்கி நின்னதை எல்லா சேனலும் காட்டுச்சு. பக்கத்துக் கிராமத்துக்கு எவன் வந்தான்? சென்னையில முட்டளவு தண்ணின்னா மட்டும் நாள் பூரா நேரலை.

பொருநைவாசி: நெல்லையையும் சேத்துக்கோங்கக்கா.

முத்துநகர்ப்பெண்: ஜங்ஷனுக்குக் கேமரா வந்துச்சுல்ல, போதும்.

டெஸ்க்_மாமா: உணர்ச்சிவசப்படாதீங்க. மறுபடி சொல்றேன், 20க்கு மேல்னுதான் அறிக்கை. அந்த "மேல்"ஐ நிருபர்தான் முழுங்கினார்.

முத்துநகர்ப்பெண்: நிருபரா, ஏசி ரூம்ல எடிட் பண்ணின மாமாவா?

டெஸ்க்_மாமா: நான் களம் பாக்காதவனா? 2004ல நாகப்பட்டினம் போய் எழுதினவன்.

மழைக்கிறுக்கன்: சுனாமி எப்பலேர்ந்து காலநிலைச் செய்தி ஆச்சு மாமா?

டெஸ்க்_மாமா: களத்தைப் பத்திப் பேசினா களம். உங்களுக்கு அதுவும் புரியாது.

பொருநைவாசி: நெல்லைக்கு ஒரு கேமராதான் வந்துச்சு. நானே பார்த்தேன்.