மொட்டை மாடியில் வலை கட்டி கோல்ஃப் பழகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மாடிவீட்டுக்காரன் (சென்னை):

வணக்கம் நண்பர்களே. கோல்ஃப் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, வயது 41, வலது கைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் ரேஞ்சுக்கு (பந்து அடித்துப் பழகும் மைதானம்) போக முடிகிறது. இரண்டு பக்கெட் பந்து அடித்து முடிக்கும்போது ஏதோ கைக்குப் பிடிபட்ட மாதிரி இருக்கும், அடுத்த ஞாயிறு போய் நின்றால் அது எங்கே போனது என்றே தெரியாது. வாரநாளில் வேலை முடிந்து மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். அதனால் வீட்டு மாடியிலேயே ஒரு வலையும் மேட்டும் (பந்தை வைத்து அடிக்கிற விரிப்பு) போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

மாடி 30 அடி நீளம், 18 அடி அகலம். கைப்பிடிச் சுவர் மூன்றடி. ஒரு பக்கம் பக்கத்து வீட்டு மாடி, ஆறடி இடைவெளிதான், அங்கே சோலார் ஹீட்டர் இருக்கிறது. எதிர்ப்பக்கம் எங்கள் தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி அறையின் சுவரும். அம்மா வற்றல் காயப்போடும் மூலையை விட்டுவிட்டால் மிச்சம் எனக்குத்தான்.

பால்கனிக்குப் புறா வலை கட்டுகிற ஒருவர், மாடிக்கும் அதையே குறைந்த விலையில் கட்டித் தருகிறேன் என்கிறார். அது தாங்குமா? பந்துக்கும் வலைக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்? மலிவான மேட் போதுமா? எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை ஒன்று. ரேஞ்சில் கூட ஆடுகிறவர், வலையில் அடித்தால் பந்து எங்கே போகிறதென்று தெரியாது, தப்பு அப்படியே கையில் ஊறிவிடும், வேண்டாம் என்கிறார். உண்மையா?

பழைய_பெர்சிமன் (சென்னை):

தம்பி, புறா வலை வேண்டவே வேண்டாம். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டர். பால்கனியில் கட்டுகிற வலையின் கண் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் இருக்கும், பந்து உரசாமலே வெளியே போய்விடும். கிரிக்கெட் வலையும் அப்படித்தான். கிரிக்கெட் பந்துக்கு 7 சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவு, அந்த வலை அதற்காகப் பின்னப்பட்டது. கண் ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத, முடிச்சில்லாத, கோல்ஃபுக்கென்றே விற்கிற வலையை வாங்குங்கள். நடுத்தரமாக ஆடுகிறவர் டிரைவரால் (அதிக தூரம் அடிக்கிற நீளமான கிளப், அதாவது மட்டை) அடித்தாலே பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். எடை 46 கிராம்தான், ஆனால் அந்த வேகத்தில் அது பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் அனுபவத்தில் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கிரிக்கெட் வலையைத்தான் இரண்டாக மடித்துக் கட்டினேன். ஒரு மாதம் நன்றாகவே போனது. ஒரு நாள் 8 அயர்ன் என்கிற கிளப்பில் ஒரு ஷாங்க் (பந்து கிளப்பின் கழுத்தில் பட்டுப் பக்கவாட்டில் பறப்பது), பந்து வலை இருந்த பக்கமே போகவில்லை, கிட்டத்தட்ட 45 பாகை வலது பக்கம் பறந்து எதிர் வீட்டு சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் பட்டது. இரண்டு குழாய் போயிற்று. மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் வழக்கமாக விளையாடுகிற இடம் அதற்கு நாலடி தள்ளித்தான் என்பது எனக்கு இன்றைக்கும் மனதில் இருக்கிறது. ஆகவே முன்பக்க வலையைவிடப் பக்க வலைக்கு முதலில் யோசியுங்கள். வலது கைக்காரர் பந்தைப் பார்த்து நிற்கும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஷாங்க் போகும். உங்கள் மாடியில் தொட்டியும் படியறைச் சுவரும் உங்கள் முகத்துக்கு எதிரே வரும்படியும், பக்கத்து வீடு முதுகுப் பக்கம் வரும்படியும் நில்லுங்கள். அந்தச் சுவருக்கு முன்னாலும் ஓரடி தள்ளி வலை தொங்க வேண்டும், இல்லையென்றால் பந்து சுவரில் பட்டு உங்கள் மேலேயே திரும்பும்.

தூரம்: பந்திலிருந்து வலை 9 அடி வைத்துக்கொள்ளுங்கள். வலைக்குப் பின்னால் குறைந்தது மூன்றடி காலியாக இருக்கட்டும். இழுத்துக் கட்டாதீர்கள், கொசுவலை மாதிரி தொளதொள என்று தொங்க வேண்டும், கீழே ஓரடி தரையில் புரளட்டும். விறைப்பாகக் கட்டினால் பந்து வந்த வேகத்தில் திரும்பி வரும்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பத்தடிச் சட்டம் எம்மாத்திரம். நாலு காலிலும் மணல் மூட்டை வையுங்கள், அல்லது வலையை மட்டும் கழற்றி வைக்கிற மாதிரி கொக்கி போட்டுக்கொள்ளுங்கள். கழற்றி வைப்பதுதான் நல்லது, நம் ஊர் வெயில் நைலானைத் தின்றுவிடும். மாதம் ஒரு முறை பந்து அதிகம் படுகிற இடத்தை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை பொடிகிற மாதிரி இருந்தால் அன்றோடு அந்த வலையை நிறுத்திவிடுங்கள்.

பனிக்கால_கராஜ் (ஸ்கார்பரோ, கனடா):

இங்கே நவம்பரில் மைதானங்கள் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும், அதனால் ஆறாவது குளிர்காலமாகக் கராஜுக்குள் வலையில்தான் அடிக்கிறேன். அண்ணா சொன்னதெல்லாம் சரி, நான் மேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது அங்கேதான்.

முதல் வருடம் விலை குறைந்த மெல்லிய மேட் ஒன்றை நேரே சிமெண்டுத் தரையில் விரித்து அடித்தேன், நாளுக்கு 100 பந்து. ஜனவரி கடைசியில் முழங்கையின் உட்பக்கம் வலி. காபிக் கோப்பையைத் தூக்கினாலே சுருக்கென்று இழுக்கும். கோல்ஃபர்ஸ் எல்போ என்று பிசியோ சொன்னார், மூன்று மாதம் கிளப்பையே தொடவில்லை. புல்தரையில் கிளப் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். சிமெண்டின் மேல் மெல்லிய மேட் இருந்தால் போவதற்கு இடமில்லை, அதிர்வு முழுக்க மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வருகிறது. இப்போது இருப்பது தடிமனான மேட், அடிக்கிற பகுதி தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரி, அதற்குக் கீழே உடற்பயிற்சிக் கூடத்தில் போடுகிற ரப்பர் பலகை. பணம் குறைவாக இருந்தால் வலைச் சட்டத்தில் சிக்கனம் பிடியுங்கள், மேட்டில் வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மேட் ஒன்றரை அங்குலம் உயரமாக இருந்து நீங்கள் வெறும் தரையில் நின்றால், பந்து காலைவிட மேலே இருக்கிற சரிவில் அடிப்பது போல ஆகிவிடும். பந்து இடப்பக்கம் போகும், நீங்களும் ஸ்விங்கை மாற்ற ஆரம்பிப்பீர்கள். நிற்கிற இடத்தையும் அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மாடியில் உங்களுக்குக் கூரைப் பிரச்சினை இல்லை. வீட்டுக்குள் போட நினைக்கிறவர்கள் கவனிக்க: நான் ஐந்தடி எட்டங்குலம், ஒன்பதடிக் கூரையில் டிரைவர் உரசாமல் போகிறது, ஆனால் உரசிவிடுமோ என்ற பயத்தில் உடம்பு தானாகக் குனிகிறது. பத்தடி இருந்தால்தான் மனது விடும். மின்விசிறி இருக்கிற அறையில் யோசிக்கவே வேண்டாம்.

மாடிவீட்டுக்காரன்:

மிக்க நன்றி அண்ணா, நன்றி ஸ்கார்பரோ நண்பரே. புறா வலைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷாங்க் எந்தப் பக்கம் போகும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை, நான் நினைத்திருந்த திசையில் நின்றிருந்தால் சரியாக அந்த ஹீட்டர் பக்கம்தான் போயிருக்கும். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி? பந்து பறப்பதைப் பார்க்காமல் அடித்தால் பயன் உண்டா?

ஏழாம்_நம்பர் (கோவை):

உண்டு. ஆனால் வலையில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று தெரிந்து அடிக்க வேண்டும். பந்து வளைவதைத்தான் வலை மறைக்கிறது. கிளம்புவதை மறைக்கவில்லை, அதை அப்படியே காட்டுகிறது. நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாள் வலை, ஒரு நாள் மைதானம் என்று போகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வலையின் நடுவில், பந்துக்கு நேர் எதிரே, மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். பந்து 9 அடி தூரத்தில் இருக்கிறது. ரிப்பனுக்கு ஓரடி வலது பக்கம் பட்டால் என்ன அர்த்தம்? 150 கஜம் என்பது 450 அடி, அதாவது ஒன்பதடியைப் போல ஐம்பது மடங்கு. அந்த ஓரடி அங்கே ஐம்பது அடி. வளைவே இல்லாமல் நேராகப் போனாலும் பந்து கிரீனில் (குழி இருக்கிற புல்தளம்) இல்லை, பக்கத்து மணற்குழியில். வலையில் ஓரடி என்பது பார்க்கச் சின்னதாகத் தெரியும், அது சின்னதே இல்லை. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்தைத் தொடுகிற நொடியில் கிளப்ஃபேஸ், அதாவது கிளப்பின் அடிக்கிற முகம், பார்க்கிற திசை. ஆக உங்கள் ஃபேஸ் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அந்த ரிப்பன் ஒவ்வொரு அடிக்கும் சொல்லிவிடும்.

உயரமும் அப்படியே. 7 அயர்னில் நம்மைப் போன்றவர்களுக்குப் பந்து சுமார் 18 பாகையில் கிளம்பும், ஒன்பதடியில் அது மூன்றடி உயரம், கிட்டத்தட்ட இடுப்பு. அந்த உயரத்தில் குறுக்காக இன்னொரு ரிப்பன். முழங்காலுக்குக் கீழே பட்டால் தின் (கிளப்பின் கீழ் விளிம்பு பந்தின் நடுவில் பட்ட அடி), தலைக்கு மேலே போனால் எங்கோ பெரிய தப்பு.

அடுத்தது பவுடர். முகத்துக்குப் போடுகிற சாதாரண டால்கம் பவுடரைக் கிளப்ஃபேஸில் லேசாகத் தூவித் தேய்த்துவிட்டு ஒரு பந்து அடியுங்கள். வெள்ளையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் ஒன்று தெளிவாக விழும், பந்தின் குழிகள்கூடப் பதிந்திருக்கும். எனக்கு முதல் வாரம் பத்தில் எட்டு வட்டம் முனைப்பக்கம். ரேஞ்சில் இரண்டு வருடம் அடித்தும் இது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே கண் பந்தின் பின்னாலேயே ஓடிவிடுகிறது, கிளப்பைத் திருப்பிப் பார்க்கிற பழக்கமே வராது. வலையில் பார்க்க வேறு ஒன்றும் இல்லை, அதனால் பார்க்கிறோம். வலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

மேட் மறைப்பது ஒன்று உண்டு, அதில் ஏமாந்துவிடக் கூடாது. பந்துக்கு இரண்டங்குலம் பின்னால் கிளப் தரையைத் தொட்டாலும் மேட்டின் மேல் வழுக்கிப் போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். புல்தரையில் அதே அடிக்குப் பந்து பாதி தூரம்கூடப் போகாது. அதற்குப் பந்திலிருந்து ஒரு முஷ்டி அளவு பின்னால் ஒரு துண்டை மடித்து வையுங்கள். துண்டு நகர்ந்தால் அது ஃபேட், வலையில் எவ்வளவு அழகாகப் பட்டிருந்தாலும் சரி. சத்தத்தையும் கேளுங்கள். சுத்தமான அடிக்கு ஒரே சத்தம், ஃபேட்டுக்கு "டப்" என்று மேட்டும் உடனே பந்தும் என்று இரண்டாகக் கேட்கும்.

வளைவுக்கு, அதாவது பந்து வலது பக்கம் வளைந்து போகிற ஸ்லைஸுக்கு, பந்தின் கோட்டுக்கு வெளிப்பக்கம், ஓரடி பின்னால் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை நிறுத்துங்கள். வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறவர்கள் அதைத் தட்டிவிடுவார்கள். கைபேசியைப் பின்னால் இடுப்பு உயரத்தில் வைத்து மெதுவோட்டத்தில் பதிவு செய்தாலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். வலையில் சரி செய்ததைப் பறக்கவிட்டுப் பார்க்க அதுதான் இடம். உங்கள் நண்பர் சொன்னது மாதக்கணக்கில் வலையை மட்டுமே நம்புகிறவர்களுக்கு ரொம்பச் சரி.

ஒரு நாளைக்கு 30, 40 பந்து போதும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வந்து நின்று, திசை பார்த்து, மறுபடி காலை வைத்து அடியுங்கள். நின்ற இடத்திலேயே படபடவென்று நூறு அடித்தால் முழங்கைதான் போகும்.

அண்ணா சொன்ன வலைக்குப் பின்னால் நான் ஒரு பழைய பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன். வலை என்றைக்காவது கிழிந்தால் அது பிடிக்கும், சத்தமும் பாதியாகக் குறையும்.

டம்ளர்_பட் (திருச்சி):

எல்லோரும் ஸ்விங்கைப் பற்றியே பேசுகிறீர்கள், பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டிங்கை விட்டுவிட்டீர்களே. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காவது இடம் வந்தார், பதக்கம் கை நழுவியது கடைசி நாளில்தான். அவரோடு ஆடியவர்களில் பலர் டிரைவரில் அவரைவிட வெகுதூரம் அடித்தார்கள், அவர் ஈடுகொடுத்தது பட்டரால் (உருட்டுவதற்கான கிளப்). அதற்கு வலையும் வேண்டாம், மாடியும் வேண்டாம். கூடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து ஆறடியிலிருந்து உருட்டுங்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், டம்ளர் வாய் அதைவிட நன்றாகவே சின்னது. ஒரு மாதம் டம்ளருக்கு அடித்துவிட்டு மைதானத்துக்குப் போனால் குழி அண்டா மாதிரி தெரியும். டைல்ஸில் பந்து ரொம்ப ஓடும், பாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, உடனே பதில் எழுத முடியவில்லை. வலை வந்துவிட்டது, ஓர் அங்குலக் கண், 10க்கு 10 அடி, பக்கத்துக்குத் தனியாக ஒன்று. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் எந்த நேரத்தில் அடிப்பேன், எந்தத் திசையில் அடிப்பேன் என்று விவரமாகச் சொன்னேன், காலை ஆறரைக்கு மேல் என்றால் சரி என்றார். அம்மா ஜமுக்காளத்தைத் தரமாட்டேன் என்றுவிட்டார், அதனால் இரண்டு பழைய போர்வைகளைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்று காலை பவுடர் போட்டு 7 அயர்னில் இருபது பந்து அடித்தேன். பதிமூன்று வட்டம் கிளப்பின் கழுத்துப் பக்கமாக, அதில் மூன்று கழுத்தை ஒட்டியே. துண்டு நான்கு முறை நகர்ந்தது. கோவை நண்பருக்கு முனைப்பக்கம் விழுந்தது, எனக்கு நேர் எதிராக இருக்கிறது. பந்துக்கு ரொம்பக் கிட்டே நிற்கிறேனா, அல்லது அடிக்கும்போது முன்னால் சாய்கிறேனா? நாளைக்குப் பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் பதிவு செய்து போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.