சுங்குடி வெட்டுத்துணி, கடன் அட்டை, சாக்கு: ஒட்டுவதா, தைப்பதா?

சுங்குடிப்பேத்தி, கைத்தறி நகர்

வணக்கம். எங்கள் பாட்டி மதுரைச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். துணியைத் துளியூண்டு கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவார். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கியெடுத்துப் பிரித்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005-ல் புவிசார் குறியீடு வந்தது. மதுரைக்குப் பெயர், கடைக்குப் பெயர். முடிச்சுப் போட்ட பெண்ணின் பெயர் எங்கே இருக்கிறது? இப்போது கடையில் தொங்குவதில் பாதிக்கு மேல் அச்சடித்த புள்ளிதான், அது தனிக் கதை.

இதை வைத்து ஆறடிக்கு நாலடியில் ஒரு சுவர்ப்படம் செய்கிறேன். அடியில் பழைய சணல் சாக்கு. மேலே டைலர் கடை வெட்டுத்துணி, தெருப் பெண்கள் கொடுத்த, மகளிர் குழுக் கடனுக்குத் தவணை குறித்த பழைய அட்டைகள், தின்று தீர்ந்த சத்து மாத்திரை அட்டைகள். மார்ச் மாதம் தெரு நூலகத்தில் மாட்டப்போகிறேன். எதில் ஒட்டினால் நிற்கும்? மைதாப் பசை என்றால் கரப்பான் வரும் என்கிறார்கள். என் அண்ணன் வேறு, "குப்பையைச் சேர்த்துவைத்துப் போராட்டம்னு சொல்றியே" என்று சிரிக்கிறான்.

பைண்டிங் பாண்டி

தங்கச்சி, மைதாவில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால் பூச்சி அண்டாது. நாங்கள் கணக்கு நோட்டுக்கு அப்படித்தான் செய்வோம். ஆனால் அது விஷம், பிள்ளைகள் தொடும் இடத்துக்கு வேண்டாம். அதைவிட, சாக்கில் எந்தப் பசையும் சரியாக நிற்காது. சாக்கு வளையும், பசை காய்ந்து விறைக்கும், பொரிந்து உதிரும். கோணூசி வாங்கித் தைத்துவிடுங்கள்.

தைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாக அலசிக் காயவைத்துவிட்டு எடுங்கள். மாத்திரை அட்டையின் ஓரம் கையைக் கிழிக்கும், மடித்துத் தையுங்கள். ஓட்டை போட ஆணி போதும். ஊசியைச் சுட்டு வைக்காதீர்கள், பிளாஸ்டிக் புகை நெஞ்சுக்கு ஆகாது.

வைகைக்கரை வாசகி

உங்கள் அண்ணனிடம் சிலி நாட்டுக் கதையைச் சொல்லுங்கள். 1973-ல் பினோசே ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தபின், பிள்ளையும் புருஷனும் காணாமல்போன பெண்கள் சாந்தியாகோவில் கூட்டமாக உட்கார்ந்து சாக்குத் துணியில் பழந்துணி ஒட்டுத்தையல் போட்டார்கள். அர்பிலேரா என்று பெயர். போலீஸ் வண்டி, வரிசையில் நிற்கும் தாய்மார்கள், பொதுக் கஞ்சித்தொட்டி எல்லாம் அதில் பொம்மை மாதிரி தைத்திருக்கும். காணாமல்போனவரின் சட்டையையே வெட்டிச் சேர்த்தவர்களும் உண்டு. திருச்சபை அமைப்பு ஒன்று அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றுக்கொடுத்தது. பத்திரிகை எழுத முடியாததைத் துணி சொன்னது.

கடன் அட்டையும் நம்ம ஊர்ச் சங்கதிதான். கந்துவட்டிக்கு மாற்றாகக் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மா அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரிக்காரர். பிரதமர் வாஜ்பாய் மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. இன்று அதே குழு என்ற பெயரில் வாரவசூலுக்கு வாசலில் வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் இரண்டும் வரட்டும்.

கணக்குப்பிள்ளை மகள்

ஒரு ஆட்சேபம். அட்டையில் பெயர், போட்டோ, பாக்கித் தொகை எல்லாம் இருக்குமே? நூலகத்தில் மாட்டினால் தெருவே படிக்கும். "இவ இன்னும் கட்டலையா" என்று பேச்சு வரும். அட்டையைக் கொடுத்தவர்கள் அதை நினைத்தா கொடுத்தார்கள்? போய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் பெயரை மறையுங்கள். அப்புறம், முடிச்சுப் போடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கும்போது வெட்டுத்துணியை மட்டும் தைத்துவிட்டு அவர்களுக்காகப் பேசுகிறேன் என்றால் எனக்கு ஒப்பவில்லை. நடுவில் ஒரு முழத்துக்காவது அவர்களைப் புதிதாக முடிச்சுப் போடச் சொல்லி, கையில் கூலி கொடுங்கள்.

சுங்குடிப்பேத்தி, கைத்தறி நகர்

அக்கா, இது சரி. அட்டைகளைத் திருப்பிப் போட்டு, வசூல் கட்டங்கள் மட்டும் தெரிகிற மாதிரி தைக்கிறேன். பெயர் இருக்கும் பக்கம் சாக்கோடு ஒட்டி மறைந்துவிடும். முடிச்சுப் போடுபவர்களின் பெயரை மட்டும், சம்மதித்தவர்களுடையதை, சிவப்பு நூலில் பெரிதாகத் தைப்பேன். நடுவில் வரும் துணியைச் சாயம் போட்டபின்னும் பாதி பிரிக்காமல் முடிச்சோடு விடலாம் என்று பாட்டி சொல்கிறார். கூலியை அண்ணனிடம் வாங்கப்போகிறேன், சிரித்ததற்கு அபராதம்.

பாண்டி அண்ணே, கோணூசி கீழமாசி வீதியில் கிடைக்குமா? சணல் நூலில் தைக்கவா, நைலானிலா?

பைண்டிங் பாண்டி

சாக்குக் கடையில் கேளுங்கள், கொடுப்பார்கள். துணிக்கு மெழுகு தடவிய பருத்தி நூல், மாத்திரை அட்டைக்கு மட்டும் நைலான்.