புதுப்பிப்பு: 'கால் ஆஃப் தி சீ' முடித்தாயிற்று

போன பதிவில், புதிர்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இந்த கேமில் குறிப்பு காட்டும் வசதியே இல்லையா என்று கேட்டிருந்தேன். இல்லை. நாம் ஆடும் கதாபாத்திரமான நோராவின் நோட்டுப்புத்தகம்தான் துணை. சித்தூர் அண்ணன் ஒருவர் சொன்னபடி, அதில் பதிவாகும் சின்னங்களைத் தாளில் வரைந்து அடுக்கிப் பார்த்தேன். அப்புறம் வேகம் பிடித்தது.

"பேய் துரத்துமா?" என்று கேட்டவர்களுக்கு: துரத்தாது, சண்டையும் கிடையாது. 1934-இல், பசிபிக் கடலில் தாஹிட்டிக்கு அப்பால் ஒரு தீவில் காணாமல் போன கணவன் ஹாரியைத் தேடிப் போகிறாள் நோரா. அவளுக்குக் குடும்ப வழியாக வந்த விநோத நோய், கையெல்லாம் கறை. ஆனால் தீவுக்கு வந்ததும் உடம்பு தேறுகிறது. எனக்குப் பயம் தட்டியதே அங்கேதான். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் அருவருப்போடு எழுதும் இப்படிப்பட்ட விஷயத்தை, 2020-இல் வெளிவந்த இந்த கேமை உருவாக்கிய ஸ்பெயின் குழு பாசத்தோடு சொல்கிறது. அதுதான் இதன் பலம்.

கடைசியில் ஒரு தேர்வு நம் கையில். நானும் மச்சானும் ஆளுக்கொன்றைத் தேர்ந்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். (மழையே அதிகம் எட்டிப் பார்க்காத எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் கடலுக்காகச் சண்டை!) விளையாடி முடித்தவர்கள் யார் பக்கம் என்று சொல்லுங்கள், முடிவை மட்டும் உடைக்க வேண்டாம்.