பொல்கொடையில விரால் பிடிக்கிற ஆக்கள் இருக்கிறீங்களா?

வெள்ளவத்தையில இருக்கிறன், ஞாயிற்றுக்கிழமைகளில மகனோட பொல்கொட வாவிப் பக்கம் தூண்டில் போடப் போறனான், மூண்டு கிழமையா பாண் உருண்டைக்கு திலாப்பியா மட்டும்தான், அதுவும் விரல் நீளம், பூனைக்கும் காணாது. மகனுக்கு விரால்தான் வேணுமாம். அது மேல வந்து மூச்செடுக்கிற மீன், செடி அடைஞ்ச ஓரத்திலதான் நிக்கும் எண்டு தெரியும், ஆனா அங்க எறிஞ்சா ஆகாயத்தாமரையில கொளுவி நூல் அறுந்து போகுது, போன கிழமை மட்டும் ரெண்டு கொளுக்கி போச்சு. ரப்பர் தவளை சரிவருமா, இல்லாட்டி சின்ன மீனை உயிரோட கோக்கிறதா? பிரெய்ட் நூல் (பின்னின தூண்டில் நூல்) எத்தின றாத்தல் தாங்கிறது போடுறீங்க? விடியக்காலையா பின்னேரமா நல்லம்? முதலைப் பயத்தில மனுசி ஆறு மணிக்குப் பிறகு நிக்க விடமாட்டா. கொழும்புக்குக் கிட்ட வேற இடம் தெரிஞ்சாலும் சொல்லுங்கோ.