கிரீனமையரின் ரெட் பாரன் எஃப்-104: தனி ஆள் எப்படி ஜெட் வைத்திருந்தார்?

மாறன்: ரெனோ விமானப் பந்தயத்தில் பலமுறை ஜெயித்த டேரில் கிரீனமையர் சொந்தமாக ஒரு எஃப்-104 போர் விமானம் வைத்திருந்தார் என்று படித்தேன். அதை யார் அவருக்கு விற்றார்கள்? பந்தயத்தில் ஓட்டினாரா? இப்போது எங்கே இருக்கிறது?

செழியன்: யாரும் விற்கவில்லை. அமெரிக்கா முழுக்கத் தேடி, காயலான் கடைகளிலும் உபரிக் கிடங்குகளிலும் கிடந்த பாகங்களைப் பத்தாண்டுக்கும் மேலாகச் சேர்த்து, அவரே ஒன்றை உருவாக்கினார். வால் ஓரிடம், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இன்னோரிடம். எஃப்-104-ஐத் தயாரித்த லாக்ஹீட் நிறுவனத்தில் எஸ்ஆர்-71 உளவு விமானம் ஓட்டிய சோதனை விமானி என்பதால் எது எங்கே பொருந்தும் என்று அவருக்கு அத்துப்படி. ஐடஹோ மாநிலத்தின் ரெட் பாரன் விமானச் சேவை நிறுவனம் பணம் போட்டது. பதிவெண் என்104ஆர்பி.

ரெனோவில் கம்பங்களைச் சுற்றும் பந்தயத்துக்கு அல்ல, கடிகாரத்தோடு போட்டி போடத்தான் இது. தாழ்வுயர வேகச் சாதனை: 3 கிலோமீட்டர் நேர்பாதை, 100 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. அமெரிக்கக் கடற்படையின் ஃபேன்டம் போர் விமானம் 1961-இல் மணிக்கு 902 மைல் போயிருந்தது. 1976-இல் கிரீனமையர் ஆயிரம் மைலைத் தாண்டியே விட்டார். ஆனால் அளவெடுக்கும் கேமரா ஒன்று பழுதானதால் அது கணக்கில் சேரவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை, விமானமும் விமானியும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு இப்படியா!

மனிதர் விடவில்லை. 24 அக்டோபர் 1977, நெவாடாவின் மட் லேக் வறண்ட ஏரி. சராசரி மணிக்கு 988.26 மைல், அதாவது 1,590 கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க ஏழு நொடிகூட ஆகவில்லை.

கயல்: மேலே இதைவிட வேகமாகப் போன விமானங்கள் உண்டே? கீழே போவதில் அப்படி என்ன கஷ்டம்?

செழியன்: காற்றின் அடர்த்திதான். 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெல்லியது, தரையருகே பத்து மடங்குக்கும் மேல் கனமானது. அந்தக் காற்றை ஒலியைவிடச் சுமார் 1.3 மடங்கு வேகத்தில் கிழிக்கும்போது இறக்கை, வால், எஞ்சின் வாய் எல்லாமே அழுத்தத்திலும் சூட்டிலும் துவளும். எஃப்-104-இன் இறக்கை குட்டையாக, கத்தி போல மெல்லியதாக இருந்தது இங்கே பெரிய பலம். தரையில் நிற்கும்போது அதன் முனை யாரையும் வெட்டாமலிருக்க உறை போடுவார்கள். இன்னொரு கஷ்டம், தரை அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் குலுங்கினால் திருத்த இடமே கிடையாது.

மாறன்: விமானம் என்ன ஆயிற்று?

செழியன்: அடுத்து உயரச் சாதனைக்குக் குறி வைத்தார். 1977 ஆகஸ்டில்தான் சோவியத் சோதனை விமானி ஃபெடோடோவ் மிக்-25 வகை விமானத்தில் 37,650 மீட்டர் ஏறியிருந்தார். அதற்கான பயிற்சியில், 26 பிப்ரவரி 1978 அன்று, தரையிறங்கும் சக்கரம் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தருகே கிரீனமையர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். விமானம் நொறுங்கிப்போனது. அதனால் எந்த அருங்காட்சியகத்திலும் தேட வேண்டாம். அவருடைய 1977 தாழ்வுயர வேகச் சாதனையை மட்டும் இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.