மென், விமன் அண்ட் சில்ட்ரன் (2014): ஜூனோ எடுத்தவரோட படமா இது?

திண்ணைப்பேச்சு:
ஜேசன் ரைட்மேன் படம்னா எனக்கு உயிர். ஜூனோ (2007) எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல, பதினாறு வயசுல கர்ப்பமாகுற பொண்ணோட கதைய ஒரு இடத்துலகூட அட்வைஸ் பண்ணாம சொல்லியிருப்பாரு. அந்த நம்பிக்கைலதான் நேத்து ராத்திரி இத போட்டேன், முடியுறப்போ மனசே விட்டுப்போச்சு.

டெக்சாஸ்ல ஒரு ஊரு, அங்க ஹைஸ்கூல் படிக்கிற பசங்க, அவங்க அப்பா அம்மா. ஒருத்தி ஒல்லியாகணும்னு சாப்பிடாம கெடக்கா, ஒருத்திய எப்படியாவது நடிகையாக்கிடணும்னு அவ அம்மா வெப்சைட் நடத்துறாங்க, டிம்னு ஒரு பையன் அம்மா விட்டுட்டு போனதுலேந்து ஃபுட்பால நிறுத்திட்டு கில்ட் வார்ஸ் கேமே கதின்னு இருக்கான். ஒவ்வொண்ணும் தனியா ஒரு படத்துக்கு தாங்கும். இங்க ஒரு பிள்ளைய கொஞ்சம் புரிஞ்சிக்கலாம்னு பாக்குறதுக்குள்ள அடுத்த பிள்ளைக்கு தாவிடுறாங்க, எங்க பாத்தாலும் போன், தலைக்கு மேல மிதக்குற மெசேஜ், "பாருங்க எப்படி கெட்டுப்போறாங்கன்னு"ன்னு நம்ம தோள புடிச்சு உலுக்கிட்டே இருக்காங்க.

இதுல வாயேஜர் விண்கலம் வேற. எம்மா தாம்சன் குரல்ல, வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் சொன்ன அந்த நீலப்புள்ளி விஷயம், அதான் வாயேஜர் எடுத்த போட்டோல நம்ம பூமி ஒரு சின்ன புள்ளியா தெரியுமே, அது. 1990ல கிட்டத்தட்ட 600 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்னு எடுத்த அந்த போட்டோ என் ரூம் சுவத்துல இன்னைக்கும் இருக்கு, அப்படிப்பட்ட எனக்கே எரிச்சல் வந்துச்சு. அவ்ளோ தூரத்துலேந்து பாத்தா பசங்க முகம் எப்படிங்க தெரியும்? எனக்கு மட்டும்தான் இப்படி தோணுதா?

சாரல்_மழை:
உங்களுக்கு மட்டும் இல்ல தம்பி. எனக்கு பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்கா, அதனால ஜெனிஃபர் கார்னர் பண்ண அந்த அம்மா கேரக்டர்தான் எனக்கு ரொம்ப வலிச்சது. மக பிராண்டியோட போன்ல வர்ற ஒவ்வொரு மெசேஜையும் படிச்சு, வேண்டாம்னு பட்டத அழிச்சு, கடைசில மக பேர்லயே அந்த டிம்முக்கு மெசேஜ் அனுப்பி அவன ஒதுக்கிவிடுறாங்க. போன வருஷம் நானும் என் பொண்ணு போன எடுத்து பாத்தேன், அவளுக்கு தெரிஞ்சுபோயி பதினோரு நாள் என்கிட்ட பேசவே இல்ல. ராத்திரி தூக்கம் வராம, எதுக்கும் ஒருதடவ பாத்துடுவோமேன்னு கை போகும் பாருங்க, அந்த பயம் எப்படி இருக்கும்னு இந்த படத்துக்கு தெரியல. அந்த அம்மாவ வில்லியா நிக்க வெச்சிட்டு போயிட்டாங்க.

பழையபடப்பெட்டி:
மேடம் சொன்னத படிச்சதும் ஒண்ணு பட்டுச்சு. இந்த படமும் அந்த அம்மா மாதிரியேதான். பசங்களோட மெசேஜ் அத்தனையும் படிக்குது, ஆனா அவங்க யாருன்னு அதுக்கு தெரியல.

இது இன்னைக்கு நேத்து வந்த வியாதி இல்ல. 1936லயே கஞ்சாவுக்கு எதிரா ரீஃபர் மேட்னஸ்னு ஒரு படம் வந்துச்சு, அதுக்கு மொதல்ல வெச்ச பேரே டெல் யுவர் சில்ட்ரன், அதாவது உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லுங்கன்னு. ஒரு இழுப்பு இழுத்தா பைத்தியம், கொலைன்னு அவ்ளோ பயமுறுத்தினாங்க. 1970கள்ல அதே படத்த காலேஜ் பசங்க கூட்டமா போயி பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கொஞ்சம் ஜாஸ்தியா சொன்னாலும் பசங்களுக்கு ஒடனே தெரிஞ்சிடும், அப்புறம் அதுல இருக்குற நிஜத்தையும் சேத்து தள்ளிடுவாங்க.

கடைசி_பெஞ்ச்:
நான் கொஞ்சம் மாறுபடுறேன் ப்ரோ. டிம்மும் பிராண்டியும் சும்மா உக்காந்து பேசிக்கிற சீனெல்லாம் நல்லாதானே இருந்துச்சு? ஆன்செல் எல்கார்ட்டும் கெய்ட்லின் டீவரும் அவ்ளோ அமைதியா பண்ணிருப்பாங்க. நானும் பன்னெண்டாவதுல கேம்லயே கெடந்தவன், வீட்ல இருக்குறவங்களவிட அங்க இருந்தவங்கதான் எனக்கு பேச்சுத்துணை, அதனால அவன் அப்பா கேம் கேரக்டர அழிக்கிற எடத்துல எனக்கு நெஞ்ச அடைச்சுது. ஆனா ஒடனே அவன் மாத்திரைய முழுங்குறான், ஆஸ்பத்திரின்னு கதைய கொண்டுபோனது எனக்கும் பிடிக்கல, அந்த பையன அவ்ளோ நேரம் கட்டி எழுப்பினதே அதுக்குத்தானான்னு ஆயிடுச்சு.

எய்த் கிரேட் (2018) பாருங்க, போ பர்ன்ஹாம் எடுத்தது. கெய்லான்னு ஒரு பொண்ணு, தன்னம்பிக்கையா இருக்குறது எப்படின்னு வீடியோ போடுவா, ஸ்கூல்ல பாத்தா வாயே தொறக்காத பொண்ணுன்னு பேரு எடுத்திருப்பா. அதுலயும் போன் இருக்கு, ராத்திரி படுக்கைல அந்த வெளிச்சம் அவ மூஞ்சில அடிச்சிட்டே இருக்கும், ஆனா போன் கெட்டதுன்னு யாரும் கிளாஸ் எடுக்கல. கடைசில அப்பாவும் பொண்ணும் நெருப்பு முன்னாடி உக்காந்து பேசுவாங்க, "என்னால உங்களுக்கு வருத்தமா"ன்னு அவ கேப்பா. அந்த சீனுக்காகவே பாக்கலாம்.

திண்ணைப்பேச்சு:
கடைசி பெஞ்ச், டிம் பிராண்டி சீன் பத்தி நீங்க சொன்னது சரி, கோவத்துல அத நான் சொல்லாம விட்டுட்டேன். மொத்த படமும் அந்த ரெண்டு பேரோட மட்டும் இருந்திருக்கலாம். எய்த் கிரேட் இந்த ஞாயித்துக்கெழம பாக்குறேன். சாரல் அக்கா, பொண்ணு இப்ப பேசுறாளா?

சாரல்_மழை:
பேசுறா தம்பி. பன்னெண்டாவது நாள் அவளே வந்து, "இனிமே கேட்டுட்டு பாரும்மா"ன்னு போன என் கைல குடுத்தா. நான் பாக்கல.